சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. போன் செய்தால் "ம்", "சரிக்கா", "மீட்டிங்ல இருக்கேன்" தவிர உன் வாயிலிருந்து வேறு முத்து உதிர்வதில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

உன் மனைவியும் வாண்டும் வந்ததிலிருந்து வீடு கலகலப்பாக இருக்கிறது. கலகலப்பு முழுக்க வாண்டுதான். உன் மனைவி இன்னும் விருந்தாளி மாதிரியே கூச்சத்தோடு இருக்கிறாள். நான் கண் விழிப்பதற்குள் சமையலறை மேடை பளபளவென்று இருக்கிறது. வாசலில் செருப்புகள் எல்லாம் ஒரே திசை பார்த்து வரிசையாக நிற்கின்றன. "ஏம்மா, செருப்புக் கடை வைக்கப் போறியா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கொஞ்சம் விலகியிருந்த என் செருப்பையும் நேராக்கிவிட்டுப் போனாள். என் வீட்டில் இத்தனை ஒழுங்கை நான் கண்டதே இல்லை. உன் மாமா தன் சட்டை எங்கே என்று கேட்பதற்குள் அது கைக்கு வந்துவிடுவதால் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

நீ வாங்கிக் கொடுத்த மூக்குக் கண்ணாடி அவளுக்கு நல்ல எடுப்பு. பழையது உடைந்துவிட்டது என்றாள். கூடவே உபரியாக இன்னொன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறாயாமே! உன் மாமாவிடம் அதைச் சொல்லிக் காட்டினேன். என் கண்ணாடிக் கால் ஒடிந்து நூல் சுற்றி எத்தனையோ நாளாகிறது, மனுஷன் கண்டுகொண்டால்தானே. தம்பியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நூல் கண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாக்கா. இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சை பாஸ் பண்ணாதான் இங்க விசா நீட்டிப்பாங்க, நீதான் அவளத் தேத்தணும்" என்றாயே, தேற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். டயர் கடை மாடியில் என் ஆங்கில வகுப்பு அதேபோலத்தான் நடக்கிறது. கீழே சக்கரம் கழற்றும் சத்தம், மேலே நாங்கள். வெளிநாடு போகக் காத்திருக்கும் வெல்டர், நர்ஸ், சமையல்காரர், தையல்காரி என்று எல்லாத் தினுசும் உண்டு. என் சட்டம் உனக்குத் தெரியும். உள்ளே வந்தால் தமிழ் கூடாது. டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதிலுள்ள வினைச்சொல்லை வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நடித்தவர் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும், அடுத்த வாரம் அதே சொல்லை மறுபடி நடிக்க வேண்டும்.

இப்போது முயற்சியும் மோதலும் பற்றிய சொற்கள் நடக்கின்றன. நம்மிடம் பாடுபடு, திண்டாடு, சமாளி, மல்லுக்கட்டு என்று விதவிதமாக இருந்தும், சளி பிடித்தால்கூடப் போராட்டம் என்றுதானே சொல்கிறோம். ஆங்கிலத்தில் அப்படி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. நான் உன் மாமாவை வைத்துத்தான் விளக்கினேன். ஒழுகும் குழாயைத் திருகிப் பார்த்தார், அது ட்ரை. கை வழுக்கி, சட்டை நனைந்து திண்டாடினார், அது ஸ்ட்ரகிள். வாரம் முழுக்க அதே குறியாக அதன் பின்னால் அலைந்தார், அது ஸ்ட்ரைவ். கடைசியில் அதை எட்டி உதைத்தார். ஃபைட் என்று எல்லோரும் கத்தினார்கள். இல்லை என்றேன். குழாய் திருப்பி உதைக்கவில்லையே! சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. உன் மாமாவின் மானம் டயர் கடை வரைக்கும் போய்விட்டது.

ஸ்ட்ரைவ் நடிப்பதுதான் கஷ்டம். அந்தச் சீட்டு உன் மனைவிக்கு வந்தது. அவள் செருப்புகளை அடுக்கினாள், எதையோ ருசி பார்த்து மறுபடி உப்புப் போட்டாள், மேஜையைத் துடைத்தாள், வாசலில் காது வைத்துக் கேட்டாள், திரும்பவும் மேஜையைத் துடைத்தாள். "வெயிட்" என்றார் வெல்டர். "க்ளீன்" என்றாள் தையல்காரி. நர்ஸ்தான் கடைசியில் எப்படியோ பிடித்துவிட்டாள். நன்றாக நடிக்கிறாள், தம்பி. பாஸ் ஆகிவிடுவாள், கவலைப்படாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. சாப்பிட்டாயா என்று நான் கேட்டால் அதற்கு மட்டுமாவது பதில் எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

பி.கு.: ஒரு வேடிக்கை. நானும் உன் மாமாவும் குழாய் விஷயமாகக் குரல் உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தோம். வாண்டு விளையாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்துகிறது! நம் குடும்ப மானத்தைக் காப்பாற்ற ஒரு ஆள் பிறந்துவிட்டது என்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

*

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கப் பேனாவை வைத்தேன், கை நகரவில்லை. கோபம் என்று நினைக்காதே. கோபம் இன்னும் வந்து சேரவில்லை. தலையில் ஓங்கி அடித்த மாதிரி இருக்கிறது என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். இது வேறு தாள்.

நேற்று வகுப்பில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உன் மனைவிக்கு ஃபைட் சீட்டு வந்தது. இருப்பதிலேயே சுலபமான சொல் அது. யாருக்கு வந்தாலும் முஷ்டியை மடக்கிக் காற்றில் நாலு குத்து விடுவார்கள், அடுத்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் சீட்டைப் படித்துவிட்டு மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். ஆரம்பி என்று தலையாட்டினேன்.

முதலில் அசையாமல் நின்று வாசல் பக்கம் காது கொடுத்தாள். பிறகு குனிந்து, இல்லாத ஒரு குழந்தையின் கையைப் பிடித்து அறையின் மூலைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். இல்லாத கதவைச் சாத்தினாள். அடுத்து நிஜமான ஜன்னல்களுக்கு வந்தாள். ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டாள். கீழே டயர் கடைச் சத்தம் அடங்கிப்போனது. என் மேஜைக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, யார் கையும் படாத ஓரமாகத் தள்ளி வைத்தாள். இரண்டு தோடுகளையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு சுவரோரம் போய், கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். நடிப்பு முடிந்துவிட்டது.

"ஸ்லீப்" என்றார் வெல்டர். "ப்ரே, ப்ரே" என்றார் சமையல்காரர். கண்ணாமூச்சி விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தையல்காரி பக்கத்தில் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தம்பி. யாருக்கும் தெரியவில்லை, டீ உன் தலையில் என்று சொல்லிச் சீட்டைக் காட்டச் சொன்னேன். ஃபைட் என்று பார்த்ததும் சிரிப்பு இன்னும் கூடியது. தையல்காரி எழுந்து, முஷ்டியை ஓங்கி, "இப்டிப் பண்ணணும்மா!" என்று காட்டிக் கொடுத்தாள்.

உன் மனைவி அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். வகுப்பில் அவள் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். அது மறந்துவிட்டது, தமிழ் கூடாது என்பதும் மறந்துவிட்டது. "அது அவங்க பண்றது, அண்ணி. நம்ம பண்றது இதுதானே?" என்று கேட்டாள்.

நம்ம என்றாள். எனக்கும் தெரிந்திருக்கும், நானும் தினம் செய்வதுதான் என்கிற மாதிரி, பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள். முதலில் நர்ஸின் சிரிப்பு நின்றது. பிறகு ஒவ்வொருவராக. சாத்திய ஜன்னல்களோடு அறை புழுங்கத் தொடங்கியது. தமிழில் பேசியதற்குத்தான் எல்லோரும் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கக் கிளம்பினாள். கண்ணாடி என் மேஜையிலேயே இருந்தது. கைப்பிடியைத் தடவித் தடவிப் படி இறங்குவது கேட்டது. நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் டீயோடு திரும்பி வந்து எனக்குத்தான் முதலில் கொடுத்தாள். அது ஆடை கட்டும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் வைத்துக் கேட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குறை சொல்லத் தெரியாத பெண், தம்பி. கேட்டதற்கெல்லாம் உனக்காகவே வாதாடினாள். "அவரு நல்லவர்தான் அண்ணி, கோவம் வந்தாதான்" என்றாள். ஜன்னல் எதற்கு என்றேன். "அக்கம்பக்கத்துல கேட்டா அவருக்குத்தானே அசிங்கம்" என்றாள். கண்ணாடி? "அவரே சொல்லிடுவாரு, கண்ணாடியக் கழட்டி வைன்னு. மொதத் தடவ உடஞ்சப்போ கண்ணுகிட்ட கிழிச்சிடுச்சு. அதுலருந்து ஞாபகமாச் சொல்லிடுவாரு" என்றாள். நீ அக்கறையோடு நடந்துகொள்வதற்கு அத்தாட்சி மாதிரி அதைச் சொன்னாள். அந்த உபரிக் கண்ணாடியைப் பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கோபத்தில் கை நீண்டுவிட்டது, தன்னை மறந்துவிட்டான் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் உன் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருப்பேனோ என்னவோ. ரத்த பாசம் அப்படித்தான் பேச வைக்கும். ஆனால் தன்னை மறந்தவனுக்குக் கண்ணாடி ஞாபகம் இருக்குமா? அவள் அதைக் கழற்றி, மடக்கி, ஓரமாக வைத்துவிட்டு வரும் வரைக்கும் நீ என்ன செய்துகொண்டிருப்பாய்? நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருப்பாயா? அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நேற்றிலிருந்து அதைத் தவிர வேறெதையும் நினைக்கவும் முடியவில்லை.

சின்ன வயசில் கரப்பான்பூச்சி வந்தால் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு "அக்கா, நீயே அடி, எனக்குப் பாவமா இருக்கு" என்று கத்துகிறவன் நீ. அடித்து முடித்துவிட்டேன் என்று சொன்னால்தான் இறங்குவாய். அந்தப் பையனையும் அவள் சொல்கிற ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒட்டவில்லை. அவளிடம் மறைமுகமாகக் கேட்டுக்கூடப் பார்த்தேன், இது வேறு யாராவது பற்றியதாக இருந்துவிடாதா என்று. எனக்கே வெட்கமாக இருந்தது.

வாண்டு ஜன்னல் சாத்தியதற்குப் பின்குறிப்பு எழுதிச் சிரித்திருந்தேனே, அதையும் கிழித்துப் போட்டுவிடு.

உன் மாமாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய் அந்தக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஒழுகுவது நின்றுவிட்ட குழாயை. இதற்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவிடாதே, தம்பி. அதை மட்டும் சொல்லிவிடாதே.

அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' திரும்பி வந்துவிட்டது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது, நீ என் தம்பி ஆயிற்றே.

கடிதம் கிடைத்ததும் போன் செய்தாய். இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஆனால் நீ சொன்னது அதைவிட மோசம். "எந்த வீட்லதான்க்கா சண்ட இல்ல? நீயும் மாமாவும் சண்டையே போட்டதில்லையா? இதப் போயி பெருசு பண்றே" என்றாய். டிக்கெட் போட்டாகிவிட்டது, ஏற்றி விடு, மீதியை "நான் பாத்துக்கறேன்" என்றாய். பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டு நான் பயந்தது இதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்வதற்குள் வழக்கம்போல் மீட்டிங் வந்துவிட்டது. அதனால் பதிலை இதில் எழுதுகிறேன்.

நானும் உன் மாமாவும் சண்டை போட்டிருக்கிறோம். கணக்கே கிடையாது. ஒரு தடவைகூட ஜன்னலைச் சாத்தியதில்லை. நான் கத்துவது தெருக்கோடி வரைக்கும் கேட்கும், அவர் முணுமுணுப்பது பக்கத்து வீட்டுக்காவது கேட்கும். சாப்பிட மாட்டேன் என்று அவர் முறுக்கிக்கொள்வார், போடவே மாட்டேன் என்று நான் முறுக்கிக்கொள்வேன். சண்டை என்றால் அது. எதிரில் நிற்கிற ஆளுக்கும் வாய் இருக்க வேண்டும், கை இருக்க வேண்டும், எனக்குப் பயப்படாத கண் இருக்க வேண்டும். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் நிற்க, இன்னொருவன் வந்து செய்வதற்குப் பெயர் வேறு. எனக்கு ஆங்கிலத்திலும் தெரியும், தமிழிலும் தெரியும். இரண்டிலும் உன் பெயர் பக்கத்தில் அதை எழுதக் கை கூசுகிறது. நீயே எழுதிப் பார்.

பரீட்சையில் அவள் பாஸ். வாயே திறக்க மாட்டாள் என்றாயே, பரீட்சை நடத்திய அம்மாள் போதும் போதும் என்று சொல்லும் வரைக்கும் பேசினாளாம்.

அதற்கு முன்னால் வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சட்டப்படி அவள் ஃபைட்டை மறுபடி நடிக்க வேண்டியிருந்தது. நான் டப்பாவை எடுக்கவே இல்லை. பாடத்தை மாற்றிவிட்டேன். வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், தையல்காரி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவளே எழுந்தாள். ஆங்கிலத்தில், "மேடம், என் முறை பாக்கி இருக்கிறது" என்றாள். வேண்டாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜன்னல்களிடம் போனாள். திறந்திருந்த ஜன்னல்களை இன்னும் அகலமாகத் தள்ளினாள். எப்போதும் திறக்காத மூலை ஜன்னலையும் இடித்து இடித்துத் திறந்தாள். கீழேயிருந்து டயர் கடைச் சத்தம் முழுசாக மேலே வந்தது. பிறகு அறை நடுவில் வந்து நின்றாள். கண்ணாடியை மூக்கின் மேல் நன்றாக ஏற்றி விட்டுக்கொண்டாள். எதிரில் ஆள் நிற்கிற மாதிரி நேராகப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கோக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அவ்வளவுதான் நடிப்பு.

சொல் என்னவென்று எல்லோருக்கும் தெரியும், ஃபைட் என்று சொல்லத்தான் யாருக்கும் மனசில்லை. கடைசியில் சமையல்காரர், பாவம், அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார், வெக்கைக்குக் காற்று வாங்குகிறாள் என்று. உன் மனைவி சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம், நர்ஸ் அழுதுகொண்டே சிரித்தாள். சட்டப்படி அவள்தான் டீ வாங்க வேண்டும். நடித்தவள் மேல் தப்பு இல்லை, கண்டுபிடிக்கத் தெரியாத நம் மேல்தான் என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப் போனேன். வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து மேடம் டீ சுமந்தது இதுதான் முதல் தடவை என்று டயர் கடைக்காரர்கூடக் கேலி செய்தார்.

இந்த டிக்கெட்டில் அவள் வர மாட்டாள். அதை அவளே உன்னிடம் சொல்வாள், நான் முந்திக்கொண்டேன். அதற்குப் பிறகு என்ன என்று நான் ஆயிரம் யோசனை சொன்னேன். நீ பார்த்திருக்கிறாயே, வாயைத் திறந்தால் மூட மாட்டேன். "நான் யோசிச்சுக்கறேன் அண்ணி, நீங்க கொஞ்சம் யோசிக்காம இருங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இது தேவைதான்.

உனக்கும் ஒரு சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்ட்ரைவ். பாடுபடு. இப்படிப்பட்டவர்களைத் திருத்துவதற்கென்றே படித்த ஆட்கள் அங்கே இருப்பார்கள். மீட்டிங்கை விட்டுவிட்டு அவர்களிடம் போய் உட்கார். நீ என்னென்ன செய்தாய் என்று உன் வாயால் சொல். எத்தனை நாள் ஆனாலும் போ. ஒரு வேண்டுகோள், நடித்துக் காட்டாதே. நடிப்பு உனக்கு எவ்வளவு நன்றாக வரும் என்று எனக்கு இப்போது தெரியும்.

இன்று காலையில் நானும் உன் மாமாவும் மறுபடி குரல் உயர்த்தினோம். வேறென்ன, குழாய்தான். வாண்டு பொம்மையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடியது. உன் மனைவி எட்டிப் பிடித்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "வேணாம்டி, தொறந்தே இருக்கட்டும். அத்தையும் மாமாவும் சண்டதான் போடறாங்க" என்றாள். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. உன் மாமா அதற்காகவே இன்னும் கொஞ்சம் நேரம் என்னோடு மல்லுக்கட்டினார்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. அந்தக் கட்டில் மேல் நின்ற பையன் எங்கேயாவது உனக்குள் இருந்தால் அவனைத் தேடிக் கூட்டிக்கொண்டு வா. வரும் முன் சொல்லிவிட்டு வா, உன் மாமாவும் நானும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வா. கதவு உனக்குத் திறந்திருக்கும். ஜன்னல்களும்தான்.

சாப்பிட்டாயா?

அக்கா